திசு ஆய்வுக்கான பொதுக்கூடம்: ஒரே ஒரு பெரிய கருவிக்குத்தான் பணம் என்றால் எதை வாங்குவது?

புற்றுநோய் ஆய்வு செய்யும் மூன்று நான்கு குழுக்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு பெரிய கருவிக்குப் பணம் கிடைக்கிறது. எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கமிட்டிக் கூட்டத்தில் வழக்கமாக நான்கு பெயர்கள் வரும்: ஸ்லைடைக் கம்ப்யூட்டர் படமாக்கும் ஸ்லைடு ஸ்கேனர், வேண்டிய செல்களை மட்டும் வெட்டியெடுக்கும் லேசர் மைக்ரோடிசெக்‌ஷன், புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளால் ஒரே திசுவில் பல புரதங்களைக் காட்டும் பல ஆன்டிபாடி இமேஜிங், எந்த மரபணு திசுவின் எந்த இடத்தில் இயங்குகிறது என்று காட்டும் ஸ்பேஷியல் டிரான்ஸ்கிரிப்டோமிக்ஸ். ஐந்தாவதாக, பல நோயாளிகளின் திசுவை ஒரே பிளாக்கில் நடும் டிஷ்யூ மைக்ரோஅர்ரே என்று யாராவது சொன்னால் 'அது சின்ன சாமான்' என்று பேச்சு நகர்ந்துவிடும். இந்தக் கட்டுரையின் பக்கம் அந்தச் சின்ன சாமானின் பக்கம்தான்; பெரிய கருவியாக அதோடு ஸ்கேனர். காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம்.

பொதுவாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்ல கருவியாகத்தான் தெரியும். அதனால் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வோம். இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். 200 நோயாளிகளின் திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குகள் ஆஸ்பத்திரிப் பெட்டகத்தில் இருக்கின்றன. சிகிச்சை விவரமும் பின்தொடர்தல் விவரமும் கையில் உண்டு. ஒரு குழுவுக்குப் புரதக் குறிகள் வேண்டும், இன்னொன்றுக்கு மரபணு மாற்றங்கள், மூன்றாவதற்குக் கட்டியைச் சுற்றி நிற்கும் நோயெதிர்ப்பு செல்கள். அதே பிளாக்குகள்தான் மூவருக்கும்.

கருவிகளுக்குப் போகும் முன் பிளாக்கைப் பற்றிக் கொஞ்சம். அறுவையில் எடுத்த திசு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விழுவதற்கு எவ்வளவு நேரமானது, அதில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பது பதிவாகியிருக்கிறதா? அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர், பேத்தாலஜிஸ்ட் அமைப்புகள் மார்பகப் புற்றுநோய்க்குத் தந்த ஆஸ்கோ–கேப் வழிகாட்டுதல் முதலாவதற்கு 1 மணி நேரத்துக்குள் என்றும், இரண்டாவதற்கு 6 முதல் 72 மணி நேரம் என்றும் சொல்கிறது. வாய்த் திசுவுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாக, ஏறத்தாழ மணிக்கு 1 மி.மீ. என்ற கணக்கில் இறங்குகிறது. வெட்டித் திறக்காமல் முழுசாகப் போட்ட மாதிரியின் நடுப்பகுதி, ஃபார்மலின் போய்ச் சேருவதற்குள் கெட்டிருக்கும். திசுவைப் போல் பத்து மடங்காவது கரைசல் வேண்டும். சின்ன டப்பாவில் அமுக்கி வைத்த நாக்குத் துண்டுகளில் இது நடப்பதில்லை.

வாய்ப் புற்றுநோய்க்கென்றே ஒரு கண்ணி உண்டு. தாடை எலும்போடு எடுத்த மாதிரியை மென்மையாக்க நைட்ரிக் அமிலத்திலோ ஃபார்மிக் அமிலத்திலோ ஊறவைப்பது வழக்கம். சீக்கிரம் முடியும். ஆனால் அமிலம் எலும்போடு சேர்த்து டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் தின்றுவிடும். ஹீமடாக்சிலின்–இயோசின் சாயத்தில் ஸ்லைடு பார்க்க நன்றாக இருக்கும். டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்கில் பெரும்பாலும் ஒன்றும் வராது. 10 முதல் 14 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலில், பி.எச். 7.2–7.4 அளவில், சில நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வைத்தால் தப்பிக்கும். ஏற்கெனவே அமிலத்தில் போன பிளாக்குகளைப் பட்டியலிலிருந்து பிரித்து வைத்துவிட வேண்டும். எவ்வளவு விலையுள்ள கருவி வந்தாலும் அவற்றிலிருந்து மரபணு விவரத்தை மீட்பது மிகக் கடினம். எலும்பு தொடாத மென்திசுப் பிளாக் அதே நோயாளியிடமிருந்து இருக்கிறதா என்று பெட்டகத்தில் தேடுவது ஒரு நாள் வேலை, பலன் பெரிது.

டிஷ்யூ மைக்ரோஅர்ரே

1998இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் யூஹா கோனோனன், ஓலி கல்லியோனியெமி குழு வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு நோயாளியின் பிளாக்கிலிருந்தும் மெல்லிய உருளையாகத் திசுவைக் குத்தியெடுத்து, வெற்று பாரஃபின் பிளாக்கில் வரிசையாக நடுவது. 0.6, 1, 1.5, 2 மி.மீ. விட்டங்களில் ஊசிகள் உண்டு. கையால் இயக்கும் கருவி மேசையில் ஒரு முழ இடம் பிடிக்கும். கரண்டு கூட வேண்டாம்.

நம் 200 நோயாளிகளுக்கு ஆளுக்கு மூன்று உருளை என்றால் 600. ஒரு பிளாக்கில் சௌகரியமாக 150 நடலாம். ஆக நான்கு பிளாக். இப்போது ஆன்டிபாடிக் கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்லைடுக்கு 200 மைக்ரோலிட்டர், நீர்ப்பு 100க்கு 1. முழு ஸ்லைடுகளில் செய்தால் 200 ஸ்லைடு, 40 மில்லி நீர்த்த கரைசல், 400 மைக்ரோலிட்டர் மூல ஆன்டிபாடி. 100 மைக்ரோலிட்டர் குப்பியாக வாங்கினால் நான்கு குப்பி. அர்ரேயில் செய்தால் 4 ஸ்லைடு, 8 மைக்ரோலிட்டர். ஒரே குப்பியில் இந்த ஆய்வும் அடுத்த ஆய்வும் முடிந்து, மிச்சமும் இருக்கும். அதோடு 200 ஸ்லைடை ஒரே நாளில் ஒரே சீராகச் சாயமேற்ற முடியாது. திங்கட்கிழமைத் தொகுதிக்கும் வியாழக்கிழமைத் தொகுதிக்கும் வரும் வித்தியாசம் நோயாளிகளின் வித்தியாசம்போல் வேடம் போட்டு வரும். நான்கு ஸ்லைடில் அந்தத் தலைவலி இல்லை.

என்ன கெடும்? பெரும்பாலும் குத்துவதற்கு முன்னால்தான் கெடும். பேத்தாலஜிஸ்ட் புதிதாக வெட்டிச் சாயமேற்றிய ஸ்லைடில் கட்டியின் இடத்தை வட்டமிட்டுத் தர வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஸ்லைடில் வட்டமிட்டால், நடுவில் யாரோ பிளாக்கை வெட்டித் தேய்த்திருப்பார்கள். கட்டி அங்கே இருக்காது. பிளாக்கில் திசு 3 மி.மீ. ஆழமாவது மிச்சமிருக்க வேண்டும். மெல்லிய பிளாக்கிலிருந்து எடுத்த உருளை முதல் முப்பது நாற்பது வெட்டுகளில் தீர்ந்து, அதன் பிறகு வரும் ஸ்லைடுகளில் அந்த நோயாளி காணாமல் போய்விடுவார். வரிசையைச் சமச்சீராக நடுவது இன்னொரு தவறு. வெட்டிய ரிப்பன் தண்ணீரில் மிதக்கும்போது தலைகீழாகத் திரும்பினால் எது முதல் வரிசை என்று யாருக்கும் தெரியாது. ஒரு மூலையில் மட்டும் கல்லீரலோ சிறுநீரகமோ இரண்டு மூன்று உருளை நட்டுவைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் மேல் கீழ் புரியும்.

நட்டு முடித்த பிளாக்கை 37 டிகிரியில் வைத்து, கண்ணாடி ஸ்லைடால் மெல்ல அழுத்திச் சமன்படுத்தி, பிறகு குளிரவைக்க வேண்டும். இதை அவசரத்தில் தாண்டினால் உருளைக்கும் பாரஃபினுக்கும் நடுவே இடைவெளி நின்று, வெட்டும்போது உருளைகள் பொலபொலவென்று உதிரும். ஒழுங்காகச் செய்தாலும் பத்தில் ஒன்றோ இரண்டோ போகும். ஆளுக்கு மூன்று உருளை என்பது அதற்காகவும்தான்.

பொதுக்கூடத்துக்கு ஒரு விதி: அர்ரே பிளாக்கை ஆளாளுக்கு வேண்டும்போது வெட்டக் கூடாது. திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோமில் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் முகத்தை நேராக்கவே கணிசமான திசு வீணாகும். தேவையைச் சேர்த்துவைத்து, ஒரே நாளில் 4 மைக்ரானில் முப்பது நாற்பது ஸ்லைடு வெட்டி, 4 டிகிரியில் வைப்பது நல்லது. வருடக்கணக்கில் அல்ல, வாரங்களுக்குத்தான். வெட்டிய ஸ்லைடில் சில புரதங்களின் சாயம் நாளாக ஆக மங்கும்.

அர்ரேயின் குறையை மறைக்க வேண்டியதில்லை. 1 மி.மீ. உருளையின் பரப்பு 0.785 சதுர மி.மீ.; 15க்கு 15 மி.மீ. திசு வெட்டு 225 சதுர மி.மீ. மூன்று உருளை எடுத்தாலும் நூற்றில் ஒரு பங்குதான் கண்ணில் படுகிறது. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, ஊடுருவும் விளிம்பில் செல்கள் எப்படிச் சிதறி நிற்கின்றன, பி.டி.–எல்1 என்ற புரதம் எங்கெங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது என்பதையெல்லாம் அர்ரேயில் பார்க்கக் கூடாது. அதற்கு முழு ஸ்லைடு வேண்டும். முழு ஸ்லைடு என்றால் ஸ்கேனர்.

ஸ்லைடு ஸ்கேனர்

40 மடங்கில் ஒரு பிக்சல் 0.25 மைக்ரான். அதே 15 மி.மீ. வெட்டு 60,000க்கு 60,000 பிக்சல். சுருக்காமல் வைத்தால் 10.8 ஜி.பி. ஜேபெக் முறையில் சுருக்கினால் ஒரு ஜி.பி. அளவுக்கு வரும். ராத்திரிக்கு 100 ஸ்லைடு, மாதத்துக்கு 20 ராத்திரி என்றால் மாதம் 2 டி.பி. ஸ்கேனர் விலைக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் இந்த டிஸ்க்கை மறந்துவிடுவார்கள். ஆறாவது மாதம் 'பழைய ஃபைல்களை அழிக்கலாமா?' என்ற மின்னஞ்சல் வரும். செல் எண்ணிக்கைக்கும் கட்டிப் பரப்பு அளப்பதற்கும் 20 மடங்கு, அதாவது 0.5 மைக்ரான், பெரும்பாலும் போதும். ஃபைல் கால் பங்காகும். செல் கருவின் அமைப்பை நுணுக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் 40 என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம்.

இந்தப் பட்டியலிலேயே எல்லோருக்கும் உதவுகிற, மாதிரியை அழிக்காத கருவி இதுதான். பிளாக்கையும் ஸ்லைடையும் தொடாமல் மூன்று குழுவும் ஒரே படத்தில் வேலை செய்யலாம். பேத்தாலஜிஸ்ட் தன் அறையிலிருந்தே கட்டியைக் குறித்துத் தரலாம். அர்ரே குத்துவதற்கும் லேசரில் வெட்டுவதற்கும் அந்தக் குறியே வரைபடம். க்யூபாத் என்ற இலவச மென்பொருளில் செல்களை எண்ணலாம், அர்ரேயின் கட்டங்களைப் பிரித்து நோயாளி எண்ணோடு இணைக்கலாம்.

பொதுக்கூடத்தில் ஸ்கேனரை நிறுத்துவது பெரும்பாலும் திசுமேல் மெல்லிய மூடு கண்ணாடியை (கவர்ஸ்லிப்) ஒட்டும், காய்ந்திராத டி.பி.எக்ஸ். பசை. கவர்ஸ்லிப் ஓரத்தில் வழிந்து நிற்கும் பசை தட்டில் ஒட்டும்; ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்லைடு சிக்கும்; மீதி எழுபது ஸ்லைடும் காலையில் அப்படியே இருக்கும். கவர்ஸ்லிப் ஸ்லைடின் விளிம்பைத் தாண்டி அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதை. சாயமேற்றிய ஸ்லைடை ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்து, ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்த பிறகே உள்ளே விட வேண்டும். மார்க்கர் பேனாவில் போட்ட புள்ளி இருந்தால் கருவி திசுவை விட்டுவிட்டு மையில் போய் ஃபோகஸ் செய்யும். இன்னொன்று சத்தமில்லாமல் நடப்பது: சாயம் வெளிறிய திசுத் துண்டை, அது திசுவே இல்லை என்று கருவி விட்டுவிடும். சிறு படத்தைப் பார்க்காமல் ஸ்கேனை ஏற்றுக்கொண்டால் பாதிக் கட்டி இல்லாத ஃபைலை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

லேசர் மைக்ரோடிசெக்‌ஷன்

வாய்ப் புற்றுநோயில் கட்டி செல்கள் விரல்விரலாக உள்ளே இறங்கும். நடுநடுவே நார்த்திசு, லிம்ஃபோசைட்டுகள். பிளாக்கை மொத்தமாகச் சுரண்டி டி.என்.ஏ. எடுத்தால் கட்டியின் மாற்றம் மற்ற செல்களின் டி.என்.ஏ.வில் கரைந்துபோகும். 1996இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திலேயே எம்மர்ட்–பக் குழு காட்டிய லேசர் முறை இதற்குத்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கோடு வரைந்து, அந்தப் பகுதியை மட்டும் லேசரால் வெட்டி ஒரு சிறு குழாயின் மூடியில் பிடிப்பது. லைக்கா கருவியில் துண்டு தானாகக் கீழே விழும். ஸைஸ் பாம் கருவியில் லேசரே மேலே உந்தித் தள்ளும்.

வாங்குவதற்கு முன் இதன் உண்மையான போட்டியாளரைப் பார்க்க வேண்டும். அது ஒரு சர்ஜிக்கல் பிளேடு. 10 மைக்ரான் வெட்டை சாயமில்லாமல் ஸ்லைடில் ஏற்றி, பக்கத்து வெட்டின் சாயமேற்றிய ஸ்லைடை அடியில் வைத்து, கட்டிப் பகுதியைக் கையால் சுரண்டி எடுக்கும் முறை. கட்டி சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் திரண்டு இருந்தால் பிளேடே போதும். ஒரு மாதிரி பத்து நிமிடம். லேசரில் அதே மாதிரிக்கு அரை நாள். கட்டி இழையிழையாகப் பிரிந்த மாதிரிகளுக்கு மட்டுமே லேசர் அவசியம். 200 பிளாக்கில் அப்படிப்பட்டவை எத்தனை என்பதை ஸ்கேன் செய்த படங்களிலேயே எண்ணிவிடலாம். அந்த எண் தெரியாமல் லேசர் கேட்கக் கூடாது.

அளவைப் பற்றியும் ஆசை அதிகம். ஒரு முழு மனித செல்லில் 6.6 பிகோகிராம் டி.என்.ஏ. ஆயிரம் செல் வெட்டினால் காகிதக் கணக்கில் 6.6 நானோகிராம். ஆனால் வெட்டில் பல கருக்கள் பாதியாகத்தான் இருக்கும், ஃபார்மலின் உடைத்த டி.என்.ஏ.வில் ஒரு பங்குதான் சீக்வென்சிங்குக்கு உதவும். 100 நானோகிராம் கேட்கும் முறைக்குப் பல பத்தாயிரம் செல் வெட்ட வேண்டிவரும். ஒரு மாணவருக்கு அது பல நாள் இருட்டறை வேலை.

இதில் கவர்ஸ்லிப் போட முடியாது. அதனால் திசு கருகருவென்று மங்கலாகத்தான் தெரியும். பழகாத கண்ணுக்குக் கட்டி எது, வீங்கிய நார்த்திசு எது என்று பிடிபடாது. பக்கத்து வெட்டின் தெளிவான ஸ்கேன் படம் அருகே இன்னொரு திரையில் இருக்க வேண்டும். லேசர் வாங்கினாலும் ஸ்கேனர் வேண்டியிருப்பது இதனால்தான். பென் (PEN) எனப்படும் பிளாஸ்டிக் சவ்வு ஒட்டிய ஸ்லைடை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் 30 நிமிடம் காட்டிய பிறகே திசுவை ஏற்ற வேண்டும்; இல்லையென்றால் சாயமேற்றும்போது திசு உரிந்து வரும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்று இன்னொரு எதிரி. ஈரத்தை உறிஞ்சிய வெட்டு லேசரில் சுத்தமாக அறுபடாது. கோடு முடிந்த பிறகும் துண்டு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கும். லேசர் சக்தியைக் கூட்டினால் ஓரம் கருகும். ஆர்.என்.ஏ. வேலையென்றால் அந்த ஈரமே ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளை எழுப்பிவிடும். ஏ.சி. மட்டும் போதாது, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும், ஸ்லைடு டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். அறைக்கான இந்தச் செலவைக் கொட்டேஷனில் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பல ஆன்டிபாடி இமேஜிங், ஸ்பேஷியல் டிரான்ஸ்கிரிப்டோமிக்ஸ்

இவை இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். முடிவு ஒன்றுதான்: வாங்காதீர்கள், ஸ்லைடை அனுப்புங்கள்.

உலோகம் கட்டிய ஆன்டிபாடிகளைக் கொண்டு ஒரே வெட்டில் 40 புரதம் வரை பார்க்கும் இமேஜிங் மாஸ் சைட்டோமெட்ரி நல்ல முறை. வாய்த் திசுவுக்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு. கட்டிக்குள் கெராட்டின் புரதம் உருண்டையாகத் திரண்ட கெராட்டின் முத்துகளும் ரத்த சிவப்பணுக்களும் ஒளிர்சாய முறைகளில் தாமாகவே மின்னி ஏமாற்றும். உலோக முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது 1 மைக்ரான் புள்ளியாகத் திசுவை ஆவியாக்கிப் படிக்கிறது. நொடிக்கு 200 புள்ளி என்றால் 1 சதுர மி.மீ.க்கு 5,000 நொடி, அதாவது 83 நிமிடம். நம் 600 உருளைக்கு ஏறத்தாழ 650 மணி நேரம். கருவி ராப்பகலாக ஓடினாலும் 27 நாள். படித்த திசு திரும்பக் கிடைக்காது. இதே 27 நாளில் மற்ற இரண்டு குழுவும் என்ன செய்யும்?

ஒளிர்சாய முறையில் ஆறு ஆன்டிபாடியும் செல் கருவுக்கான டாபி சாயமும் சேர்த்து ஏழு நிறம் வரை ஓரளவு எளிது. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒருமுறை சூடாக்க வேண்டும். ஆறாவது சுற்றில் திசு ஸ்லைடை விட்டுக் கிளம்பும். எந்த ஆன்டிபாடி எத்தனையாவது சுற்றில் என்ற வரிசையைச் சரிசெய்யவே மாதங்கள் போகும். இது ஒரு குழுவின் ஆய்வுத் திட்டம். பொதுக்கூடச் சேவையாக நடத்தக்கூடியதல்ல.

விசியம் போன்ற ஸ்பேஷியல் முறையில் சாதாரணக் கட்டம் 6.5க்கு 6.5 மி.மீ.; புள்ளி 55 மைக்ரான், ஒரு கட்டத்தில் சுமார் 5,000 புள்ளி. பெரிய நாக்குக் கட்டியில் எந்த மூலையை எடுப்பது என்பதே முதல் சண்டை. பாரஃபின் திசுவுக்குப் புள்ளிக்கு 25,000 ரீட் ஜோடி (சீக்வென்சிங்கில் படிக்கும் துண்டுகள்) என்று வைத்தாலும் ஒரு கட்டத்துக்கு 12.5 கோடி. செலவில் பெரிய பங்கு ரசாயனப் பெட்டிக்கும் சீக்வென்சிங்குக்கும் போகிறது; கருவிக்கு அல்ல. அதனால் கருவியைச் சொந்தமாக வைத்திருப்பதில் லாபம் குறைவு. தொழில்நுட்பமும் வேகமாக மாறுகிறது. ஜியோமெக்ஸ் என்ற ஸ்பேஷியல் கருவியைத் தயாரித்த நானோஸ்ட்ரிங் கம்பெனி 2024 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே ஆண்டு புரூக்கர் என்ற இன்னொரு கருவிக் கம்பெனி அதை வாங்கியது. கருவி உங்கள் அறையில் இருக்கலாம். அதற்குப் போடும் தீனி ஒரே ஒரு கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் என்றால் பதினைந்து வருடத் திட்டம் போட முடியாது.

நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ–ஸ்டெம் என்ற அரசு இணையதளத்தில் தேடி முன்பதிவு செய்யலாம். அனுப்பும் முன் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இரு நிறுவனங்களுக்கு நடுவே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். கையெழுத்துக்கு அலைவதற்கே மாதங்கள் ஆகும் என்பதால், ஸ்லைடு வெட்டுவதற்கு முன்பே தாளைத் தொடங்கிவிட வேண்டும். வெட்டி வைத்த பிறகு தொடங்கினால் ஒப்பந்தம் வருவதற்குள் ஸ்லைடு பழசாகிவிடும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

நூறு ஸ்லைடுக்கு மேல் தானாக ஏற்றும் ஸ்கேனர், கையால் இயக்கும் அர்ரே கருவி, நல்ல ரோட்டரி மைக்ரோடோம், டிஸ்க், மைக்ரோடோமில் உட்கார ஒரு முழுநேர டெக்னீஷியன். இந்த வரிசைதான் எங்கள் தேர்வு. இதில் எதையாவது வெட்டச் சொன்னால் டெக்னீஷியனை மட்டும் வெட்டக் கூடாது. சுருக்கமும் கத்திக் கீறலும் இல்லாத 4 மைக்ரான் வெட்டு வராவிட்டால் மேலே சொன்ன ஐந்து கருவியும் சுருக்கத்தையும் கீறலையும்தான் மிகத் துல்லியமாக அளந்து தரும்.

பராமரிப்புக் கணக்கையும் முதல் நாளே போட வேண்டும். உதாரணத்துக்கு, உத்தரவாதம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 6 லட்சம், ஆபரேட்டர் சம்பளம் 4.8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி வருடத்துக்கு 1,200 மணி நேரம் ஓடினால் மணிக்கு 900 ரூபாய். 400 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் 2,700. இந்தக் கட்டணத்தைப் பார்த்ததும் இன்னொரு குழு விலகும். மணிநேரம் மேலும் குறையும். கட்டணம் மேலும் ஏறும். லேசர் கருவிகள் போர்வை போர்த்தி மூலையில் நிற்பது இந்தச் சுழலில்தான். ராத்திரி தானாக ஓடும் ஸ்கேனருக்கு 1,200 மணி எளிது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டிய லேசருக்கு அது ஒரு மனிதனின் முக்கால் வருடம்.

நிலைமை மாறினால் தேர்வும் மாறும். ஸ்கேனர் ஏற்கெனவே பேத்தாலஜி துறையில் இருந்து, ராத்திரி நேரத்தை எழுத்தில் தர அவர்கள் சம்மதித்தால், லேசருக்குப் போகலாம். அப்போதும் இரண்டு குழுவாவது அடுத்த மூன்று வருடத்துக்குத் தொடர்ந்து மாதிரி தருவதாக எண்ணிக்கையோடு எழுதித் தரட்டும். உறைந்த திசுவில்தான் முக்கால்வாசி வேலை என்றால் கதையே வேறு. அங்கே உறைந்த திசுவை வெட்டும் கிரையோஸ்டாட்டும் மைனஸ் 80 ஃப்ரீசரும் அதற்கான ஜெனரேட்டரும் முதல் வரிசைக்கு வரும்.

ஸ்கேனர் டெமோவுக்குக் கம்பெனிக்காரர் தன் பையில் அழகான ஸ்லைடுகளோடு வருவார். அவற்றை அவரே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் பெட்டகத்திலிருந்து சுருக்கம் விழுந்த ஒன்று, சாயம் வெளிறிய ஒன்று, காற்றுக்குமிழி உள்ள ஒன்று, கெராட்டின் மடிந்து மேலெழும்பிய ஒன்று, ஓரத்தில் டி.பி.எக்ஸ். வழிந்த ஒன்று என்று இருபது எடுத்துக் கொடுங்கள். எதுவும் துடைக்காமல், நடுவில் கை வைக்காமல் ஓடவிடச் சொல்லுங்கள். எத்தனை தடவை நின்றது, எத்தனை திசுத் துண்டு விடுபட்டது என்று எண்ணுங்கள். பிறகு ஃபைல்களைப் பென்டிரைவில் வாங்கி, அவர்களுடைய மென்பொருள் இல்லாத உங்கள் கம்ப்யூட்டரில் க்யூபாத்தில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை.